தெளிய விடாத சுண்ணாம்புத் தண்ணி

ரூபனுக்கு அப்பா எழுதுதேன்.

இங்க எல்லாரும் சுகம், அங்க நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமான்னு ஆரம்பிக்கதுதான் முறை. அதை உங்கம்மா தினமும் போன்ல கேட்டுருதா. அதனால நான் நேரா விஷயத்துக்கு வாரேன். ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணி, மாசக் கடைசியில வண்டி பேசிட்டு ரெண்டு பேருமா வாரோம், மீன் தொட்டியைக் கோயம்புத்தூருக்குத் தூக்கிட்டுப் போறோம்னு சொன்ன. நான் "சரிலே"ன்னு சொல்லி போனை வச்சுட்டேன். உங்கம்மா அடுப்படியில இருந்து "என்ன சொல்லுதான்?"னு கேட்டா. "வாரானாம்"னேன். தொட்டியைத் தூக்கப்போறதைச் சொல்லலை. சொன்னா அவ என்ன ஆவாளோன்னு ஒரு பயம். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் முழுங்கினது இது ஒண்ணு மட்டும் இல்ல. நீ வந்து தொட்டி முன்னால நின்னு வாயில வந்ததைப் பேசுததுக்கு முந்தி எல்லாத்தையும் எழுதிருதேன். முதல்ல இது: நீ தொட்டிக்குள்ள வளத்து விட்டுட்டுப் போன பதினோரு பவளத்துல இப்ப உசிரோட இருக்கது நாலு. ரெண்டு மாசமா நான் உனக்கு அனுப்புத போட்டோ எல்லாம் பழசு.

திட்டணும்னா இந்த இடத்துல திட்டிட்டு மேல படி. ஆறு வருஷத்துக்கு முந்தி நீ இந்த நாலடித் தொட்டியைக் கொண்டாந்து ஹால்ல வச்சப்போ, கடல் ஒரு மணி நேர பஸ் தூரத்துல கிடக்கும்போது பாளையங்கோட்டை வீட்டுக்குள்ள ஒரு கடல் எதுக்குலேன்னு கேட்டேன். தாமிரபரணித் தண்ணிக்கு ஊரே குடத்தைத் தூக்கிட்டு நிக்கும்போது, அதை மிஷின்ல வடிகட்டி, வெறுந்தண்ணியாக்கி, அதுல உப்புப்பொடியைக் கலக்கின ஒரே ஆள் நீதான். பொறவு நம்ம ஊர் வெயில் பவளத்துக்கு ஆகாதுன்னு ஹாலுக்கு ஏசி மாட்டின. உன்னைப் பெத்தவங்களுக்கு இருபத்தஞ்சு வருஷமா ஓட்டை ஃபேன், மீனுக்கு ஏசி. அதைச் சொல்லி நான் சிரிச்சதுக்கு நீ மூணு நாள் என்கிட்ட பேசலை. கடல்ல இருந்து பவளத்தை எடுக்கக்கூடாது, சட்டம் இருக்குன்னு, வளத்து விக்கவங்ககிட்ட பில்லோட வாங்கின. உள்ளங்கை அளவு துண்டுக்கு நீ குடுத்த காசை உங்கம்மாகிட்ட நான் இன்னைக்கு வரைக்கும் சொல்லலை. அது போகட்டும்.

கல்யாணத்துக்கு முந்தியே வேலைன்னு கோயம்புத்தூர் போனியே, அப்ப ஒரு நோட்டு எழுதி வச்சுட்டுப் போன. அதுல பாதிப் பக்கம் பி.எச். பத்தித்தான். பகல்ல லைட் எரியும்போது பவளமும் பாசியும் தண்ணியில கரைஞ்ச கரியமில வாயுவை இழுத்துக்கிடும், பி.எச். ஏறும். லைட் அணைஞ்ச பொறவு எல்லாம் மூச்சு மட்டும்தான் விடும், அந்த வாயு தண்ணியில சேரும், பி.எச். இறங்கும். அதனால காலையில லைட் போடுததுக்கு முந்தி அடிமட்டம், சாயங்காலம் உச்சி. தினமும் இப்படி ஏறி இறங்குதது இயற்கை. "ரெண்டு நேரமும் பாத்து எழுதுங்க, நம்பரைத் துரத்தாதீங்கப்பா"ன்னு சிவப்பு மையில எழுதி ரெண்டு கோடு போட்டிருந்த. எனக்கு அந்த ரெண்டு கோடு பிடிக்கலை. முப்பது வருஷம் காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல அட்டெண்டரா நின்னவன் நான். ஆசிட்டும் காரமும் எனக்கு நீ சொல்லித் தரணுமா? ஏட்டுல ஒரு நம்பர் கூடக் குறைய வந்தா புரொபசர்மாரே என்னைக் கூப்பிட்டுத்தான் கேப்பாங்க. இப்படி ஒரு மிதப்பு எனக்கு உள்ளுக்குள்ள இருந்துது. அதை இப்ப ஒத்துக்கிடுதேன்.

முதல் மூணு மாசம் ஒரு குறையும் இல்ல. காலையில 7.9, சாயங்காலம் 8.2. ஞாயித்துக்கிழமை நீ கேப்ப, நான் சொல்லுவேன், நீ "சூப்பர்ப்பா"ம்ப. சித்திரை பிறந்ததும் உங்கம்மா, "உள்ள வெக்கை தாங்கல, ஏசி சும்மாதான ஓடுது, இங்கன படுக்கேன்"னு கட்டிலை ஹாலுக்கு இழுத்தா. தொட்டிக்கு நாலடி தள்ளிப் போட்டா. நான் தனியா உள்ள கிடந்து என்ன செய்ய? என் கட்டிலையும் இழுத்தேன். ஏசி போட்டா ஜன்னலைச் சாத்தணும், கதவைச் சாத்தணும், கீழ இடைவெளியில துணியையும் சுருட்டி வச்சிருவா. நல்ல உறக்கம். ஆடி முடிஞ்சு காத்து மாறிச்சு, ஐப்பசி மழை வந்துது, மார்கழிப் பனியும் வந்துது. கம்பளியைப் போத்திக்கிட்டு அங்கனதான் படுத்தா. "இப்ப என்ன வெக்கை?"ன்னு ஒரு நாள் கேட்டேன். "உங்களுக்கு என்ன, படுங்க"ன்னா. ஜெபமாலையை உருட்டும்போது அவ மாதா படத்தைப் பாக்குதாளா, அந்த ஆரஞ்சு மீனைப் பாக்குதாளான்னு எனக்குத் தெரியாது. லைட் அணைஞ்ச பொறவும் அந்தப் பக்கம் திரும்பித்தான் படுப்பா. நீ அந்த சோபாவுல படுத்துக்கிட்டு தொட்டியைப் பாத்துக்கிட்டே உறங்கிருவியே, அந்த இடத்துலதான் கட்டிலைப் போட்டிருக்கா. இதை நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன்.

கட்டில் ஹாலுக்கு வந்ததுல இருந்தே பி.எச். கொஞ்சங் கொஞ்சமா இறங்க ஆரம்பிச்சிது. காலையில 7.8, பொறவு 7.7, ஒரு நாள் 7.65. சாயங்காலம் எப்படியோ 8.1 வந்துரும். நான் உனக்கு சாயங்கால நம்பரை மட்டும் சொன்னேன். பொய் சொல்லலைன்னு மனசுக்குள்ள ஒரு சமாதானம். அளந்ததைத்தான சொல்லுதேன்! மீட்டரைக் கழுவிப் பாத்தேன், மாத்திப் பாத்தேன், அதே நம்பர்தான். அந்த நேரம் பாத்து, பவளம் வளரவும் பி.எச். இறங்காம இருக்கவும் நீ வாங்கி வச்சிருந்த சுண்ணாம்புப் பொடி டப்பாவும் தீந்துபோச்சு. உனக்கு ஒரு போன் போட்டா நீ அனுப்பியிருப்ப. ஆனா சுண்ணாம்புக்கு நான் உன்கிட்ட கேக்கவா? சுண்ணாம்புக் காளவாசல்ல பொறந்து வளந்தவன்லே நான். மார்க்கெட்டுல கிளிஞ்சல் சுண்ணாம்பு ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்து நானே தண்ணி தெளிச்சு நீத்துனேன்.

உன் நோட்டுல எழுதியிருந்த, ஒரு கரண்டி சுண்ணாம்பைக் கேன் தண்ணியில போட்டு, ஒரு குலுக்கு குலுக்கி, அப்படியே தெளிய விடணும், மேல நிக்க தெளிஞ்ச தண்ணியை மட்டும் எடுத்து, ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துத குழாய் வழியா, லைட் அணைஞ்ச நேரம் முழுக்க சொட்டுச் சொட்டா விடணும்னு. டப்பாப் பொடியை அப்படித்தான் விட்டேன். இந்தச் சுண்ணாம்பை நான் தெளிய விடலை. கலக்கினேன். எங்கப்பா காளவாசல்ல என் முதுகுல அறைஞ்சு சொல்லிக் குடுத்த ஒரே பாடம், "அடி மண்ட விடாதலே, கலக்கு!" சுவத்துக்கு வெள்ளையடிக்கணும்னா சுண்ணாம்பு அடியில உறையக்கூடாது, கலக்கிக்கிட்டே இருக்கணும். அம்பது வருஷம் கழிச்சும் சுண்ணாம்பைக் கண்டா என் கை தானா கலக்குது. வெள்ளைப் பாலாட்டம் ஆன தண்ணி குழாய்க்குள்ள போய் அடைச்சுக்கிச்சு. சரி, குழாய் எதுக்குன்னு, காலையில நம்பர் இறங்கி நிக்க நேரம் பாத்து, தம்ளர்ல எடுத்து நேரா ஊத்திட்டேன். பத்து நிமிஷத்துல 7.65 போய் 8.3 வந்துது. ஏயப்பா, எனக்கு வந்த சந்தோஷம்! லேப்ல கூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. மறுநாள் காலையில பாத்தா பழையபடி 7.65. ரெண்டு தம்ளர் ஊத்தினேன். அடுத்த நாள் மூணு. அதுக்கு அடுத்த நாள் நாலு. தண்ணி வடிகஞ்சி மாதிரி ஆச்சு, பவளம் மேல எல்லாம் மாவு தூவினாப்ல ஒரு படிவு. தெளிஞ்சுரும்னு நினைச்சேன். தெளிஞ்சுது. தெளிஞ்ச பொறவு பாத்தா, நீ விரல் மாதிரி ஆடுதுன்னு சொல்லுவியே, அந்தப் பச்சைப் பவளம் சதை கழண்டு தொங்குது. ஊதாக் கொம்பு வெள்ளையாயிருச்சு.

இனி எழுதப்போறதை உன்கிட்ட எப்பவும் சொன்னதில்லை. பவளம் செத்த ரெண்டாம் நாள் ஹால்ல ஒரு நாத்தம் அடிச்சுது. உங்கம்மா எலி செத்துக் கிடக்குன்னு பீரோவுக்கு அடியில எல்லாம் தேடினா. வெளிய போயிட்டு வந்த எனக்குக் கதவைத் தொறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. அந்த நாத்தத்தை நான் பதினேழு வயசுல மோந்திருக்கேன். எங்க வீட்டுல பவளம்னு ஒரு சொல்லே கிடையாது. அதுக்குப் பேரு கல். முருகைக்கல். எங்கப்பாவும் நானும் வள்ளத்துல தீவுப் பக்கம் போவோம், இடுப்பளவு தண்ணியில நின்னு கடப்பாரையால இடிப்போம், வள்ளம் நிறைய ஏத்திட்டு வந்து கரையில காயப் போடுவோம். ரெண்டு நாள் நாறும். அழுகின நண்டு நாத்தம். பொறவு காஞ்சு வெளுத்ததும் காளவாசல்ல போட்டுச் சுடுவோம், சுண்ணாம்பாகும், ஊர் எல்லாம் வெள்ளையடிக்கும். "கல் வந்தாச்சா?"ன்னு கேப்பாங்க, "வந்தாச்சு"ம்போம். கல் எதுக்குலே நாறணும்? அந்தக் கரையில ஒருத்தன்கூட அதைக் கேட்டதில்லை. நானும் கேக்கலை. சட்டம் வந்து நிறுத்தினாங்க, எனக்கு இங்க காலேஜ்ல வேலை கிடைச்சுது, வந்துட்டேன். நீ உள்ளங்கை அளவு துண்டைக் காட்டி, "அப்பா, இது வருஷத்துக்கு ஒரு விரக்கடைதான் வளரும்"னு சொன்னப்போ நான் டீ குடிக்கப் போனேன் பாரு, உனக்கு ஞாபகம் இருக்காது. நான் வள்ளம் வள்ளமா இடிச்சதை உன் முன்னால எந்த வாயால சொல்ல? உன் தொட்டியையும் அதே கையால அதே சுண்ணாம்பை வச்சு முடிச்சிருக்கேன். வெக்கமா இருக்குலே. வேற சொல் இல்ல.

உங்கம்மா செத்த பவளத்தைப் பாத்துட்டு, "அளந்து அளந்தே கொன்னுட்டீங்க"ன்னா. அழுகை ஒண்ணும் இல்ல. அன்னைக்கு முழுக்க சோத்தை மட்டும் வச்சுட்டுப் போயிட்டா. நான் தச்சநல்லூர்ல மீன் கடை வச்சிருக்க தங்கராசு அண்ணாச்சியைப் போய்ப் பாத்தேன். பாதிக் கடை தங்கமீன்தான், ஆனா கடல் தொட்டி விஷயம் தெரிஞ்ச ஆளு, உனக்கும் தெரியும். உங்கம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம் வந்தாரு. தொட்டியைச் சுத்திப் பாத்தாரு.

"எத்தனை தம்ளர் ஊத்துனீங்க, சார்?"

"கடைசியில நாலு."

"தெளிஞ்ச தண்ணிதான?"

"இல்ல, கலக்கி."

அண்ணாச்சி தொட்டி விளிம்புல படிஞ்சிருந்த வெள்ளையை விரலால சுரண்டிப் பாத்தாரு. பொறவு, "வீட்டுக்கு அடிக்க வேண்டிய வெள்ளையைத் தொட்டிக்கு அடிச்சுட்டீங்களே, சார்!"ன்னாரு. சிரிக்கலை. எனக்குத்தான் சிரிப்பு வந்துது. என்ன மனுசன் நான்!

அவரு ஒரு வாளியில தொட்டித் தண்ணியை மோந்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனாரு. பாட்டரியில ஓடுத சின்ன காத்து பம்பை அதுல போட்டுட்டு, நிழல்ல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தோம். மீட்டரை விட்டா வாளியில 8.1. கீழ தொட்டியில அதே நேரம் 7.75. வெளிக்காத்துல வச்சதும் அதே தண்ணி தானா ஏறுது. "தண்ணி மேல குத்தம் இல்ல, சார். ரூம் காத்து மேலதான். நீங்க என்னத்தை ஊத்தினாலும் இந்தக் காத்து மறுநாள் இறக்கிப்போடும்"னாரு. கீழ வந்து ஜன்னலைப் பாத்தாரு, ஏசியைப் பாத்தாரு, ரெண்டு கட்டிலையும் பாத்தாரு. "ராத்திரி இங்கன எத்தனை பேரு படுக்கீங்க?"ன்னாரு. ரெண்டு பேருன்னேன். "எல்லாத்தையும் சாத்திட்டா?" ஆமான்னேன். "அப்ப நீங்க விடுத மூச்சு முழுக்க தொட்டிக்குள்ளதான் போகுது. அக்காவை உள்ளாற படுக்கச் சொல்லுங்க, சோலி முடிஞ்சுது." போகும்போது வாசல்ல நின்னு இன்னொண்ணும் சொன்னாரு: "ஆனா சார், 7.65-ல ஒண்ணும் செத்திருக்காது. கொஞ்சம் பைய வளரும், அவ்வளவுதான். கொன்னது சுண்ணாம்பு." இதை நீ நல்லா மனசுல வச்சுக்கோ.

அக்காவை நான் உள்ளாற படுக்கச் சொல்லலை. அதுக்குப் பதிலா அஞ்சு நாள் மெனக்கெட்டேன். நுரை தள்ளுத ஸ்கிம்மர் காத்தை உறிஞ்சுத குழாய்ல நீளமா இன்னொரு குழாயைச் சொருகி, ஜன்னல் கம்பி வழியா வெளிய விட்டேன், வெளிக்காத்தை இழுக்கட்டும்னு. தொட்டித் தண்ணி வடிஞ்சு வார அடிப்பெட்டியில பாசியை வளத்து, மேல லைட் அணையும்போது அதுக்கு லைட் எரியுத மாதிரி டைமர் வச்சேன். பவளம் மூச்சு விடுத நேரத்துல பாசி அந்த வாயுவைத் தின்னுக்கிடும். சுண்ணாம்புத் தண்ணியை இப்ப தெளிய வச்சுத்தான் எடுக்கேன். கேனைத் தொடாம ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், அது ஒரு தவம். ஜன்னலை ஒரு சாண் தொறந்து வச்சேன். "கொசு வருமே, என்னத்துக்குத் தொறக்கீங்க?"ன்னா உங்கம்மா. "எனக்கு மூச்சு முட்டுது"ன்னேன். அன்னையில இருந்து காலையிலயும் சாயங்காலமும் எனக்குச் சுக்குத்தண்ணி போட்டுத் தாரா. குடிச்சுக்கிட்டிருக்கேன். இப்ப காலையில 7.95, சாயங்காலம் 8.25. மிச்சம் இருக்க நாலும் விரிஞ்சு நிக்கி.

உனக்குப் புத்தி சொல்லுத தகுதி எனக்கு இல்ல, இருந்தாலும் அப்பன் கடுதாசியில ஒண்ணாவது இருக்கணும்லா. கல்யாணம் ஆகி நாலு மாசம் ஆகுது. உன் வீட்டுக்காரி காலையில முகம் குடுத்தே பேச மாட்டேங்கான்னு உங்கம்மாகிட்ட சொன்னியாமே. காலை நம்பரை மட்டும் வச்சு ஒரு முடிவுக்கும் வராத. சாயங்காலமும் பாரு, பத்து நாள் பாரு. சமாதானம் பண்ணுதேன்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டவும் செய்யாத. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல உங்கம்மா ஆறு மாசம் சிரிக்கவே இல்ல. அவகிட்ட என்ன குறைன்னு நான் தேடிக்கிட்டே இருந்தேன், நல்லதுன்னு நினைச்சு என்னென்னமோ வாங்கிக் குடுத்தேன், ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். வீட்டுல நானும் எங்கம்மாவும் அவ காதுபட என்ன பேசிக்கிட்டிருந்தோம்ங்கிறதை மட்டும் யோசிக்கலை. தனிவீடு பாத்து இங்க வந்த பொறவுதான் அவ சிரிச்சா. நான் அதுக்கு மன்னிப்பு கேக்கலை, இன்னைக்கு வரைக்கும். உன் பக்கம் அப்படி ஏதும் இருந்தா நீ கேட்டுரு, சூட்டோட சூடா.

இப்ப தொட்டிக்கு வாரேன். அண்ணாச்சி சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் உங்கம்மாகிட்ட சொல்லியிருந்தா குழாயும் வேண்டாம், பாசியும் வேண்டாம். அந்த நிமிஷமே எந்திரிச்சுக் கட்டிலை உள்ள இழுத்திருப்பா. மறுபேச்சுப் பேச மாட்டா. பேச மாட்டாங்கிறதுனாலதான் நான் சொல்லலை. கொன்னது என் சுண்ணாம்புன்னு நூறு தடவை சொன்னாலும் அவ காதுல பாதிதான் விழும். தன் மூச்சு தன் மகன் வளத்ததுக்கு ஆகலைன்னு மட்டும்தான் விழும். அதனால நீ வந்ததும் அவ முன்னால ஜன்னல் ஏன் தொறந்திருக்கு, குழாய் ஏன் வெளிய போகுதுன்னு கேக்காத. பவளம் எப்படிச் செத்துதுன்னு பேச்சு வந்தா என்னைக் கை காட்டு. அது உண்மையும்கூட.

தொட்டி உன்னோடது. ஏழு பவளத்தைக் கொன்னவன் மிச்ச நாலை எனக்குக் குடுன்னு கேக்க முகம் இல்ல. வண்டி கொண்டா, தண்ணியை இறக்கித் தாரேன், நானே கூடத் தூக்கி ஏத்தி விடுதேன். ஒரே ஒரு வேலை மட்டும் உன்னோடது. ஏத்துததுக்கு முந்தி உங்கம்மா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரு. உக்காந்து, தொட்டி போயிட்டா இன்னைக்கு ராத்திரி எங்கனம்மா படுப்பன்னு நீயே கேளு. அதை என்னால கேக்க முடியாதுலே.

அப்பா